மூன்று வரிக்கு இடமில்லை

எங்கள் சாயங்காலப் பேப்பரில் ஒரு சட்டம் உண்டு. ஒரே சொல்லை ஒரே வாரத்தில் ரெண்டு தலைப்பில் போடக் கூடாது. போட்டால் செய்தி ஆசிரியர் குதிப்பார். அவருக்குக் கடுகு என்று பேர் வைத்ததே நான்தான். சட்டியில் போடுவதற்கு முன்னாலேயே வெடிப்பார்.

தலைப்பு போடுவது என் வேலை, பத்தொன்பது வருஷமாக. ஜனங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் அது செய்தியே இல்லை. ரெண்டு சேர்ந்து வரணும். அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். விலை மறுபடி ஏறினால் 'அடி மேல் அடி'. ஒரே வீட்டில் ரெண்டு சாவு என்றால் 'இடி மேல் இடி'. விலைக்குப் போய் இடியைப் போட்டால் கடுகே சிரிப்பார். ஆட்டத்தில் தோற்று, ஆட்டக்காரனுக்குக் காலும் முறிந்தால் 'இரட்டை அடி'. ஆறுதல் சொல்ல வந்த மந்திரி உளறிவிட்டுப் போனால் 'வெந்த புண்ணில் வேல்'. எதை எங்கே வைக்கணும் என்று என்னைக் கேட்காமல் அங்கே ஒருத்தரும் எழுத மாட்டார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு ஒரு செய்தி வந்தது. சட்டை தைக்கிற ஆலை ஒன்றை மூடுகிறார்கள். போன மாதம்தான் அங்கே சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள். ஆலையின் பேரை ரெண்டாம் தடவையும் படித்தேன். என் தங்கச்சி காலர் தைப்பது அங்கேதான். அவள் புருஷன் செத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ரெண்டு பிள்ளைகள். அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. அன்றைக்கு அவளுக்கு லீவு, வீட்டில் இருந்தாள்.

உடனே போன் பண்ணியிருக்கணும். பண்ணவில்லை. ஒன்றரைக்குப் பக்கத்தை முடிக்கணும், கடுகு தலைமேல் நிற்கிறார்.

"என்னம்மா, தலைப்பு வந்தாச்சா?"

"அடி மேல் அடின்னு போட்டுடலாமா சார்?"

"அது திங்கட்கிழமையே பால் விலைக்குப் போயாச்சு. இடியும் போயாச்சு. அவ்வளவுதானா உன் நோட்டு?"

எனக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து என்ன கேட்கிறார்! சாவு வீட்டில் தங்கச்சி என் மடியில் விழுந்து, "ஒரு கை ஒடிஞ்சு போச்சுக்கா" என்று அழுதது ஞாபகம் வந்தது. 'ஒடிந்த கையிலேயே மறுபடியும் அடி' என்று போட்டேன்.

"அடடா! இதும்மா தலைப்பு!" என்றார் கடுகு.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சீ! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தலைப்பு நீளம், ரெண்டு வரிக்கு ஓடிற்று. கீழே இடம் போதவில்லை. இடம் போதாவிட்டால் செய்தியின் வாலை வெட்டுவோம். முக்கியமானதெல்லாம் மேலேயே வந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் நம்புவது. வாலை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்காமலே கடைசி மூன்று வரியைத் தூக்கினேன். பக்கம் அச்சுக்குப் போயிற்று.

அதற்கப்புறம்தான் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏய், உங்க கம்பெனியை மூடுறாங்களாம்டி."

"நேர்ல போய்க் கேட்டுட்டு வரட்டாக்கா?"

"போய் என்னத்தைக் கிழிக்கப்போறே? பேசாம வீட்டுல இரு. யார் போன் பண்ணினாலும் எடுக்காதே. பாவம் பாக்குறேன்னு ஆளாளுக்கு உசிரை வாங்குவாங்க. ஏழு மணிக்கு நான் வர்றேன்."

ஏழு மணிக்குப் போனேன். சொன்ன பேச்சைக் கேட்டு, போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல பிள்ளை.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றாள். ஆலைக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறாள். கையில் முந்தின நாள் சாயங்காலப் பேப்பர் ரெண்டு, ஒன்று எங்களுடையது. இன்னொன்று எங்கள் போட்டிக்காரனுடையது, அதை மடித்து நீட்டினாள். அதே செய்தி. கடைசியில் மூன்று வரி: 'முதல் நாற்பது பேர் இன்று மாலை ஆறு மணிக்குள் நேரில் வந்து பெயர் கொடுத்தால் கிளை ஆலையில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள்.'

"பக்கத்து மிஷின்காரி ஆறு தடவை போன் பண்ணியிருக்கா. அவளுக்குக் கெடச்சிடுச்சு. நாப்பதும் முடிஞ்சு போச்சுக்கா."

நான் அந்த மூன்று வரியைத் திரும்பப் படித்தேன்.

"நேத்து நாலு மணிக்கே உங்க பேப்பரை வாங்கிட்டேன். ரெண்டு தடவை முழுசாப் படிச்சேன். இது இல்லவே இல்லையே? உங்களுக்கு வரலையாக்கா?"

வரலை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"எடம் பத்தலை."

எங்கள் பேப்பரை விரித்தாள். தலைப்பின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ஒடிந்த கையிலேயே மறுபடியும் அடி.

"இது அன்னிக்கு நான் அழுதப்போ சொன்னதுதானே?"

தலையை ஆட்டினேன்.

"இதுக்கு மட்டும் எடம் இருந்துச்சா?" என்றாள். அக்கா என்று சேர்க்கவில்லை.