மாற்றிக்கொள்ள வந்த கேமரா

அந்த விளம்பரத்தை ரோஹிணி முதலில் நம்பவே இல்லை. இரண்டு பிம்பங்களைக் கையால் ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்கிற டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, புது மாடல். அதைக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனியின் பழைய மாடலையும் மேலே கொஞ்சம் பணத்தையும் வாங்கிக்கொள்ளத் தயார் என்று நகரின் மறுகோடியிலுள்ள ஆகுர்டியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பழைய மாடல்தான் அவளிடம் இருந்தது. புதியதை விட்டுவிட்டுப் பழையதற்கு யார் ஆசைப்படுவார்கள்? திருட்டுப் பொருளாகத்தான் இருக்கும் என்றான் கணவன் ஸ்ரீவத்சன். அவளுக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் ஞாயிறு காலை விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள்.

விற்பவர் ஜெபமணி, கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர். அவள் தமிழ் பேசியதும் உள்ளே டீ போடச் சொன்னார். அந்த உபசாரமே அவளை உறுத்தியது. பில்லை வாங்கி, கேமராவில் இருந்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் படமெடுத்தாள். துல்லியமாக வந்தது. குறையே இல்லாததால் சந்தேகம் இன்னும் கூடியது.

"எதுக்குங்க இதைக் குடுக்கறீங்க?"

"பழசை வித்துட்டுத்தான் இதை வாங்குனேன். அதுல வந்த கலரு இதுல வரல."

இதெல்லாம் ஒரு காரணமா என்று அவள் யோசிக்கும்போதே, அவர் அவளுடைய கேமராவோடு பால்கனிக்குப் போய் வானத்தைப் படமெடுத்தார். திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"சென்சார்ல புள்ளி புள்ளியா அரிச்சிருக்கே. ஒங்களுக்குத் தெரியுமா மேடம்?"

ஆறு மாதமாகத் தெரியும். தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"தெரியுமுங்க. சொன்னா வேண்டாம்னுருவீங்கன்னு சொல்லலை."

ஜெபமணி மேஜையில் கிடந்த பில்லை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அவள் கேமராவின் லென்ஸைக் கழற்றி, பாட்டரியை உருவி, ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்டார். தொலைவில் இருப்பவற்றுக்குப் பிம்பங்கள் ஒன்றுசேராமல் சற்று விலகி நிற்பதையும் அவள் தானாகவே சொல்லிவிட்டாள். அரைமணி நேரம் போனது. டீ ஆறிப்போனது. விளம்பரத்தில் கேட்ட பணத்தோடு சென்சாரைச் சரிசெய்யும் செலவையும் அவள் ஏற்றுக்கொண்டால் சம்மதம் என்றார் அவர். அவள் ஒத்துக்கொண்டாள்.

புதிய கேமராவையும் பில்லையும் கையில் கொடுத்தபோதும் அவர் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க."

அவர் நம்பினாரா இல்லையா என்பது, படியிறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பும்போதும் அவளுக்கு விளங்கவில்லை.