பச்சோந்திக்குப் பேறு பார்த்தவள்

மரியநாயகி ஒருத்திக்குப் பேறு பார்க்கப் போனால், பிள்ளை பிறக்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். கொழும்புத்துறையில் முப்பத்தெட்டு வருஷம் மருத்துவிச்சியாக இருந்தவள். வலியில் கிடப்பவளைத் தனியே விடுவது பாவம் என்பது அவளுக்கு வேதவாக்கு. அந்தப் பிடிவாதம் ஒரேயொரு முறைதான் அவளுடைய காலை வாரிவிட்டது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒக்டோபர் மாதம், ஒரு பச்சோந்தி அவள் வீட்டுக்கு முன்னால் ஆடி ஆடித் தெருவைக் கடந்துகொண்டிருந்தது. மரத்தை விட்டு லேசில் இறங்காத சீவன் தெருவில் நடக்கிறதென்றால் ஏதோ அவசரம். நாய் கவ்வுவதற்குள் தூக்கிவிட்டாள். வயிற்றில் விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே செபமாலை மணிகளைப் போல முட்டைகள்.

"உனக்கு மாசம் நிறைஞ்சு போச்சடி," என்றாள். அன்றைக்கு அவள் வாய் திறந்து கதைத்தது அதுதான் முதல் தடவை.

முற்றத்துத் தேசிமரத்தைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டி அதற்குள் விட்டாள். நிலம் கல்நிலம், முட்டையிட அதால் தோண்ட ஏலாது. ஆகவே வாய் உடைந்த பெரிய சாடியொன்றில் முழங்கை ஆழத்துக்கு மணலும் மண்ணும் கலந்து கொட்டி, பிடித்தால் பிடி குலையாத அளவுக்கு ஈரமாக்கி வைத்தாள். காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் தெளித்தாள். வெட்டுக்கிளி பிடித்துக் கொடுத்தாள். எல்லாம் சரி. பிறகு ஒரு பலகையைப் போட்டுப் பக்கத்திலேயே குந்திவிட்டாள்.

சொல்லப்போனால் அவளுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது. மகள் சிசிலியா ஜெர்மனியில் இரண்டு பிள்ளை பெற்றுவிட்டாள், இரண்டுக்கும் படம்தான் வந்தது. புருஷன் செத்து ஆறு வருஷம். வேலையை விட்ட பிறகு ஒருவரும் படலையைத் தட்டுவதில்லை. காத்திருக்க ஒரு பேறாவது வந்ததே என்று மனம் துள்ளியது.

மூன்று நாள் போனது. பச்சோந்தி இறங்கும், சாடியில் ஏறும், மணலை இரண்டு தரம் விறாண்டும், ஒரு கண்ணைச் சுழற்றி அவளைப் பார்க்கும், கறுத்துப்போய்த் திரும்பவும் கொப்பில் ஏறிவிடும்.

"பயப்பிடாதை, நான் பக்கத்திலைதான் இருக்கிறன்," என்று அவள் தைரியம் சொல்வாள்.

தைரியமாம்! நாலாம் நாள் அது வெட்டுக்கிளியைத் தொடவில்லை. விடிந்து வெயில் ஏறியும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. முட்டை இறங்காவிட்டால் தாய் செத்துப்போகும் என்று அவளுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி இரண்டு பெண்களை அவள் கைக்குள்ளேயே பறிகொடுத்திருக்கிறாள்.

அன்று காலை பத்து மணிபோலக் குண்டுபோடப் பொம்பர் வந்தது. மண்மூட்டை அடுக்கிய பங்கருக்குள் ஓடி, சத்தம் அடங்கும்வரை பதுங்கிக் கிடந்து, வெளியே வந்து பார்த்தால் சாடியில் நாலு விரல் ஆழத்துக்குப் பள்ளம்! பச்சோந்தி தலையை உள்ளே விட்டு மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. மரியநாயகி ஓடிப்போய்ப் பலகையில் குந்தினாள். அது தலையைத் தூக்கியது. பார்த்தது. கறுத்தது. பாதியில் விட்டுவிட்டு மேலே ஏறிவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைக் கொன்றுகொண்டிருப்பவள் தானேதான்.

வலையைச் சுற்றிச் சேலையைக் கட்டி மறைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். ஐந்து நிமிஷம் பொறுக்க முடிந்ததா? இல்லை. சேலை நீக்கலால் எட்டிப் பார்த்தால், உள்ளேயிருந்து ஒரு கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இனித் தன்னை நம்பி இந்த வளவுக்குள் இருக்க ஏலாது என்று கண்டுகொண்டு, படலையைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

இறங்கிய பிறகுதான் போக ஒரு வீடில்லை என்பது தெரிந்தது. அத்தனை வருஷமும் கூப்பிட்ட வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். கூப்பிடாத வீட்டில் எப்படிப் போய் நிற்பது? கடற்கரைவரை போனாள், கோயில்வரை போனாள், வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசியில் தன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, இராசாத்தியின் படலையில் நின்றாள். இராசாத்தியின் மூன்று பிள்ளைகளும் அவள் கையில் பிறந்ததுகள்.

"ஆருக்கும் சுகமில்லையோ, அம்மா?" என்று இராசாத்தி பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. சும்மாதான் வந்தனான்."

சும்மா வந்தவளுக்கு உரிக்க வெங்காயம் கிடைத்தது, சோறும் கணவாய்க் குழம்பும் கிடைத்தது, பேன் பார்க்கச் சின்னவளின் தலை கிடைத்தது. நேரம் போனதே தெரியவில்லை. பின்னேரம் அவள் எழும்பும்போது இராசாத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நீங்கள் தனிய இருக்கத்தான் விரும்புறியள் எண்டு நினைச்சு நாங்கள் வந்து கரைச்சல் தாறேல்லை, அம்மா."

"ஓம் ஓம், எனக்கு அதுதான் பிடிக்கும்," என்றாள் மரியநாயகி. வீறாப்பு, வேறென்ன?

வீட்டுக்கு வந்து சேலையை நீக்கினாள். சாடியில் பள்ளம் இல்லை. மண் மூடி, அமத்தி, மட்டமாகக் கிடந்தது. பச்சோந்தி மேல்கொப்பில் முகமெல்லாம் மண்ணோடு, வயிறு ஒட்டிப்போய், நல்ல பச்சையாக இருந்தது. இலையில் தண்ணீர் தெளித்தாள். துளி துளியாகக் குடித்தது. பிழைத்துவிட்டது. குடித்து முடித்ததும் ஒரு கண்ணை அவள் பக்கம் திருப்பியது.

"போறன், போறன்," என்றாள்.

சேலையை இழுத்துவிட்டுத் திரும்பினால், முற்றத்தில் அந்தப் பலகை கிடந்தது. வீட்டுக்குள் ஒரு சத்தமில்லை. பச்சோந்திக்கு ஆளில்லாத இடம் தேவைப்பட்டது. தனக்கு ஒருநாளும் தேவைப்படவில்லையே, பிறகேன் இதுக்குள் கிடக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைக்கூடக் கழுவாமல் வந்த வழியே நடந்தாள்.

இராசாத்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, முந்தி நான் உனக்குச் சொன்னது பொய்," என்றாள் மரியநாயகி. "எனக்குத் தனிய இருக்க ஏலாமல் கிடக்கு."