மார்கழியில் ஓர் அண்டா சுக்குக் காப்பி

1

இந்தக் கதை ஒரு போஸ்ட்கார்டில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோயமுத்தூரில் மாதப் பத்திரிகை நடத்துகிற ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார்: "மார்கழி இதழுக்காக, குளிருக்கு இதமான வீட்டுப் பானம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பவும். நாலு பேர் கூடும் இடத்தில் கொடுக்கத் தக்கதாக இருந்தால் உத்தமம். செய்முறை அவசியம். சோகம் வேண்டாம்."

கடைசி இரண்டு வார்த்தைகளின் கீழே கோடு போட்டிருந்தார். என் பழைய கட்டுரைகளைப் படித்து நொந்தவர் அவர்.

நான் அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சுக்குக் காப்பியைப் பற்றி எழுத எனக்கு அரை மணி நேரம் போதும் என்று உட்கார்ந்தேன். அது இருபது நாளைக்கு முன்பு. முதல் ஆரம்பம் இப்படி:

"சுக்குக்கு மிஞ்சின மருந்தும் இல்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சின சாமியும் இல்லை என்பது நம் பக்கத்துப் பழமொழி. முதலில் கொத்தமல்லியைப் பொன்னிறமாக வறுத்து—"

பொன்னிறம் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அந்தத் தாளைக் கிழித்தேன். இதையே கதையாக எழுதினால் யாருக்கோ நடந்ததாகப் போய்விடும், தைரியமாக எழுதலாம் என்று தோன்றியது. கதைகள் அதற்காகத்தானே இருக்கின்றன?

2

இரண்டாவது ஆரம்பத்துக்கு முன்னால் வெளியூர் வாசகருக்காக எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டில் அண்டா ஏற்றிச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார்கள். சளிக்கோ குளிருக்கோ என்றால் போசி என்கிற சின்னப் பாத்திரம் ஒன்று போதும். அதன் வாசனை வாசப்படியைத் தாண்டாது. அண்டா ஏறுவது கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் எழவுக்கு. மார்கழியில் எவரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே மார்கழிக் காலையில் தெருவே மணக்கச் சுக்கு கொதித்தால், ஊரில் யாரும் என்ன விசேஷம் என்று கேட்க மாட்டார்கள். யார் வீட்டில் என்றுதான் கேட்பார்கள்.

(ஆசிரியருக்கு: இது சோகம் அல்ல, வழக்கம். நீக்க வேண்டாம்.)

இனி, கதை:

"1934, மார்கழி. பொங்கியண்ணன் என்ற வாத்தியாருக்குச் சென்னியம்மாள் என்று ஒரு மனைவி இருந்தாள். வயது முப்பத்திரண்டு. ஊரில் எந்த எழவானாலும் அண்டாவுக்கு முன்னால் நிற்பது அவள்தான். மூடியைத் திறக்காமல், வாசனையை வைத்தே, கொதி வந்ததா, கருப்பட்டி கரைந்ததா என்று சொல்லிவிடுவாள். அந்தச் சென்னியம்மாளுக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா கண்டது. பக்கத்து வீட்டு முத்தாத்தாள் ஒரு முந்திரிக்கொட்டை. சென்னியம்மாள் உயிரோடு படுத்திருக்கும்போதே, யாரும் சொல்லாமலே, தன் வீட்டில் அண்டாவை ஏற்றிவிட்டாள்."

நன்றாகத்தான் இருக்கிறது. குற்றவாளி கிடைத்துவிட்டாள். கதை ஓடும் என்று நம்பினேன்.

3

ஓடியது. அடுத்த பகுதி இது:

"விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. வெளியே பனி. பொங்கியண்ணன் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாகக் கண்ணைத் திறக்காதவள் திறந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

'ஏனுங்க.'

'என்ன கண்ணு?'

'யாரு ஊட்டுலீங்க எழவு?'

பொங்கியண்ணன் போர்வையை அவள் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டான். அவள் மறுபடியும் மோந்து பார்த்தாள்.

'மல்லி கருகிப்போச்சுங்க. முத்தாத்தா ஒருக்காலும் கருக்க மாட்டாளே.'

'நீ பேசாதே கண்ணு. மூச்சு இளைக்குது பாரு.'

அவள் கூரை ஓடுகளைப் பார்த்தபடி கிடந்தாள். ஊரில் யார் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று எண்ணிப் பார்க்கிறாள் என்று நினைத்தான். எண்ணி முடித்தவள் போலத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் கேட்கவில்லை."

இதை இன்னும் அழகாக எழுதலாம். 'அவள் கண்ணில் ஒரு—' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான்.

4

பிறகு கதையில் ஓர் ஓட்டை தெரிந்தது.

நாற்பது பேருக்கு அண்டா வைக்க வேண்டுமானால் ஒரு படி மல்லி வேண்டும், இரண்டு கை நிறையச் சுக்கு வேண்டும், கருப்பட்டி ஒரு கூடை வேண்டும். முத்தாத்தாள் தனியாக இருக்கிற விதவை. அத்தனை சரக்கு அவள் வீட்டில் எப்படி இருக்கும்? யார் வாங்கிக் கொடுத்தார்கள்? என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சுக்காரன்கூட இந்தக் கேள்வியைக் கேட்பான்.

இதைச் சரிசெய்ய இரண்டு நாள் பார்த்தேன். கடனாக வாங்கினாள் என்று எழுதினேன். பொருந்தவில்லை. போன எழவில் மிஞ்சியது என்று எழுதினேன். எழவுச் சரக்கை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே விளங்கிவிட்டது.

அது மட்டுமில்லை. முந்திரிக்கொட்டை என்று எழுதினேனே, அந்த முத்தாத்தாள் இன்றைக்கும் என் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று எனக்குக் கொள்ளு ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பனியில உக்காந்து என்னங்ணா எழுதறீங்க?" என்று கேட்டாள். பத்திரிகைக்குச் சமையல் குறிப்பு என்றேன்.

5

பொங்கியண்ணன் என்று யாரும் இல்லை. அது நான்.

அதற்கு முதல் நாள் காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். சத்தியமங்கலத்தில் இருக்கிற அவள் அண்ணன் தம்பிகளுக்கு ஆள் அனுப்பினேன். அதோடு நின்றிருக்கலாம். எனக்கு எதையும் முன்கூட்டியே செய்துவைக்கிற புத்தி. என் அப்பா செத்தபோது சத்தியமங்கலத்திலிருந்து பனியில் நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நேரத்துக்குக் காப்பி கிடைக்கவில்லை. "ஒரு வாய் சுடுதண்ணிக்கு வக்கில்லாத ஊடு" என்று அதை ஆறு வருஷம் சொல்லிக் காட்டினார்கள். இந்தத் தடவை அந்தப் பேச்சு வரக்கூடாது என்று நினைத்தேன். அவள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். நான் மானத்தை நினைத்தேன்.

அன்று சந்தை நாள். கோயமுத்தூரிலிருந்து வந்து கடை போடுகிற அப்துல் மஜீத் பாயிடம் போய்ச் சரக்கைச் சொன்னேன்.

"இவ்வளவுமா? என்னங்க வாத்தியாரே விசேசம்?" என்றார் சிரித்தபடி. மார்கழி என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஊட்ல" என்றேன்.

"எப்பங்க?"

நான் சாக்கை விரித்துப் பிடித்தேன். அவருக்குப் புரிந்தது. ஒரு துண்டு சுக்கை எடுத்துத் தனியாகப் பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார். "இத மொதல்ல அம்மாவுக்குப் போட்டுக் குடுங்க. நல்லாயிருவாங்க." அந்தப் பொட்டலத்தையும் மற்றதோடு சேர்த்து முத்தாத்தாளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

முத்தாத்தாள் மூட்டையைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள்.

"நங்கை உசுரோட இருக்கறப்பவேங்களா? வேண்டாமுங்ணா." என் மனைவியை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள், அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். "ஆனப்பறம் அடுப்பப் பத்த வெக்க எத்தன நாழிங்ணா ஆகும்?"

"அண்டாத் தண்ணி கொதிக்கறதுக்குள்ள அவங்க வந்து நின்னுருவாங்க. வெடிஞ்சதும் போட்டுரு. என்ற மானத்தக் காப்பாத்து."

அவள் விடிந்ததும் போட்டாள். அழுதுகொண்டே வறுத்தாள். அதனால்தான் மல்லி கருகியது.

6

இதுவரைக்கும் வந்துவிட்ட வாசகருக்கு முடிவு சொல்ல வேண்டும். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: "எனக்கொரு டம்ளர் கொண்டாங்க" என்கிறாள் சென்னியம்மாள். கணவன் கொண்டுவருகிறான். குடிக்கிறாள். வேர்த்துக் காய்ச்சல் விடுகிறது. எழுந்து உட்கார்ந்து, "நாப்பது பேருக்குப் போட்டதை என்ன பண்றது?" என்று சிரிக்கிறாள். ஊரே வந்து குடித்துவிட்டுப் போகிறது. ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும்.

இரண்டாவது முடிவு: குடிக்கிறாள். "கருப்பட்டி கொஞ்சம் கம்மிங்க" என்று குறை சொல்லிவிட்டு, அவன் மடியில் தலைவைத்துக் கண்ணை மூடுகிறாள். இதைத்தான் நான் நூறு தடவை மனசுக்குள் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, நடந்தது.

அவள் கேட்டாள். "எனக்கொரு டம்ளர் கொண்டாங்க. நெஞ்சுல சூடா ஒரு வாய் எறங்குனாத் தேவலைங்க." நான் போனேன். முத்தாத்தாள் என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்தாள். டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு என் வாசல் வரைக்கும் வந்தேன். தன் எழவுக்குப் போட்ட காப்பியை ஒருத்தி தானே குடிப்பதா? அது வாயில் பட்டால் எல்லாம் முடிந்துபோகும், படாத வரைக்கும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. அவ்வளவையும் ஏற்பாடு செய்தவனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. வேலியோரம் ஊற்றிவிட்டு வெறும் கையோடு உள்ளே போனேன்.

"இன்னும் கொதிக்கலையாமா, கண்ணு."

தெருக்கோடியில் இருந்தே கொதி கண்டுபிடிக்கிறவளிடம் இதைச் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அப்பிடீங்களா" என்றாள். பிறகு, "கொதிக்கட்டுங்க" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் போய்விட்டாள்.

சாயங்காலம் பனி இறங்குகிற நேரத்துக்கு அவள் தம்பி செங்கோட்டையனும் மற்றவர்களும் வண்டியில் வந்து சேர்ந்தார்கள். அழுது ஓய்ந்தபின் எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். செங்கோட்டையன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்தக் குளிருக்கு இதமா இருக்குதுங் மாமா" என்றான். நான் பயந்த சொல் ஒன்றுகூட விழவில்லை. எனக்கும் கொடுத்தார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன். கருகல் வாசனை அடித்தது. இதமாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.*

* இந்தப் பகுதியை அச்சில் போட வேண்டாம் என்று ஆசிரியருக்கு எழுதினேன். பிறகு அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை.

7

செய்முறை அவசியம் என்றார் ஆசிரியர். கொடுத்துவிடுகிறேன். போசிக்குத்தான் அளவு எழுதுகிறேன். அண்டாவுக்கு எழுத மாட்டேன்.

விரல் நீளச் சுக்கு இரண்டு. தோலைச் சுரண்டித் தட்டிக்கொள்ளவும். கொத்தமல்லி ஒரு கை. பொன்னிறமாக வறுக்கவும், அழுதுகொண்டு வறுக்க வேண்டாம். மிளகு பத்து. மூன்றையும் ஒன்றிரண்டாக இடித்து ஆறு டம்ளர் தண்ணீரில் போட்டு, நாலு டம்ளராக வற்றும் வரைக்கும் கொதிக்க விடவும். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றவும். இன்னும் ஒரு கொதி. இறக்கி வடிகட்டவும். ஆறுவதற்குள் முதல் டம்ளரை எடுத்து, கேட்டவருக்கு—

இந்த வரியை முடிக்க இருபது நாளாகப் பார்க்கிறேன். என்னால் ஆகவில்லை. கொடுக்காதவன் அந்தச் சொல்லை எப்படி எழுதுவான்?

நீங்கள் இதைப் படிக்கிறபோது உங்கள் ஊரிலும் பனி இறங்கியிருக்கும். உள்ளே யாராவது இருமிக்கொண்டு படுத்திருப்பார்கள். ஒரு வாய் சூடாகக் கேட்டிருப்பார்கள். டம்ளர் உங்கள் கையில் இருக்கிறது. நான் வாசலோடு நின்றுவிட்டேன். நீங்கள் உள்ளே போங்கள்.