கல்தாங்கிக்கு ஒரு காட்சி

செஞ்சி லாயத் தெருவில், மங்கை வீட்டு மொட்டைமாடிக்கு மேலே, ஒரு பாறை முப்பத்தெட்டு வருஷம் அந்தரத்தில் நின்றது. ரெண்டு லாரி அகலம் இருக்கும். 1987 ஐப்பசி மழையில் கோட்டையின் சந்திரகிரி மலைச் சரிவிலிருந்து பெயர்ந்து, உருண்டு, எகிறி வந்தது. தெருவுக்கு மேலே நாற்பத்துநாலடி உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. நம்பாதவர்கள் வந்து பார்த்திருக்கலாம், திண்டிவனத்திலிருந்து பஸ்ஸுக்கா பஞ்சம்? ஒரு அதிகாரி வந்தார், டேப் பிடித்து அளந்தார், பாறை தரையில் இல்லாததால் எந்த சர்வே எண்ணிலும் வராது என்று எழுதினார், இளநீர் குடித்துவிட்டுப் போனார். தெருக்காரர்கள் முதல் வாரம் பயந்தார்கள். ரெண்டாம் வாரம் அதன் நிழலில் சைக்கிள் நிறுத்தினார்கள். ஊர் என்றால் அப்படித்தான்.

பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்பது அப்போது ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். மங்கைக்கு அன்றைக்கு ஒன்பது வயது. அதே வாரம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக்கு வெண்புறா காமிக்ஸின் புது இதழ் வந்திருந்தது. அதன் நாயகன் எரிகழுகு. பறப்பான், கண்ணால் நெருப்புக் கக்குவான், ஊரே அவன் பின்னால் கிடந்தது. மூன்றே மூன்று இதழில் அவனுக்குத் துணையாக ஒருத்தன் வந்தான், பெயர் கல்தாங்கி. காக்கி அரை டிராயர், பனியன், தலையில் சும்மாடு. பறக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது. விழுவதைத் தாங்குவான், அவன் சக்தி அவ்வளவுதான். அச்சு மை பரவி மூன்று இதழிலும் அவன் முகம் கறுப்பாகவே விழுந்திருந்தது. அந்த வாரம் வந்த மூன்றாம் இதழின் கடைசிப் பக்கத்தில், மலையடிவார ஊர் ஒன்றின்மேல் உருண்டு வந்த பாறையை ரெண்டு கையாலும் ஏந்தி நின்றான். கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. அதோடு வெண்புறா காமிக்ஸ் இழுத்து மூடப்பட்டது. எரிகழுகை வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. கல்தாங்கியை யாரும் சீந்தவில்லை. போதும்டா, இறக்கி வை என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் அவன் நின்றுகொண்டே இருந்தான்.

பாறை வருஷத்துக்கு முக்கால் அடி வீதம் இறங்கியது. மேகமே இல்லாத சித்திரை மத்தியானத்தில் அந்த மாடியில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். மங்கை அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. வேர்வை என்று அம்மா மீனம்பாளிடம் சொன்னாள். மீனம்பாள் துணிகளை எடுத்து வேறு கொடியில் போட்டாள். மங்கை வளர்ந்தாள், டிகிரி முடித்தாள். பாறைக்குக் கீழே இருக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று ரெண்டு சம்பந்தம் திரும்பிப் போனது. போனால் போகட்டும் என்று தாலுக்கா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை போட்டாள். 2009-ல் கல்தாங்கி தலைமை ரசிகர் மன்றம் தொடங்கினாள். கிளை மன்றம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் அது தலைமை மன்றம்தான். தலைவி மங்கை, செயலாளர் கல்வேலை செய்யும் கலியபெருமாள், பொருளாளர் ஆட்டோ ஓட்டும் பிரிட்டோ. உறுப்பினர்களும் அந்த மூன்று பேரே. எரிகழுகு மன்றத்தில் நானூறு பேர் இருந்தார்கள். முகமே இல்லாதவனுக்கு மன்றமா என்று அவர்கள் சிரித்த சிரிப்பு கோட்டையின் கிருஷ்ணகிரி மலை வரைக்கும் கேட்டது. மங்கை அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரெண்டு கையும் சும்மாடும் மட்டும் வரைந்த கட்-அவுட்டைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எரிகழுகு கதையைப் பெரிய படமாக எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. மங்கை அன்றைக்கே பேனாவைக் கையில் எடுத்தாள். தினம் ஒரு கடிதம், அதற்கு ஒரு ஜெராக்ஸ். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்தாங்கி பாறையை இறக்கி வைப்பதாக ஒரு காட்சி. ‘தொடரும்’ போட்டவர்கள்தான் ‘முற்றும்’ போட வேண்டும், போட்டால்தான் அவன் கையை எடுக்க முடியும் என்பது மன்றத்தின் தீர்மானம். பாறைக்கும் மாடிக்கும் நடுவே அப்போது எட்டடிதான் மிச்சம். வீட்டைக் காலி செய்துவிட்டு அவலூர்பேட்டையில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போகலாம் என்று மங்கை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மீனம்பாள் பிடிகொடுக்கவில்லை.

“நான் வெளிய பூட்டா அவன் யாருக்கோசரம் தூக்கினு நிப்பான்? போடி, வேலயப் பாரு” என்றாள்.

அறுநூற்றுப் பதினோராவது கடிதத்துக்கு ஆள் வந்தது. கலைமதி என்ற உதவி இயக்குநர், ஜீன்ஸ் போட்ட சின்னப் பெண், மாடியேறி அண்ணாந்து பார்த்தாள். அவள் நோட்டில் ஒரு சொட்டு விழுந்து எழுத்து கரைந்தது. அதற்குமேல் அவளிடம் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாறையெல்லாம் கிராபிக்ஸில் செய்யக் கட்டுப்படியாகாது, இறக்கி வைத்துவிட்டு வந்து டீ குடிப்பதாக ஒரு காட்சி வாங்கித் தருகிறேன் என்றாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். செட்டில் டீக்கடை போட்டார்கள், பெஞ்சு போட்டார்கள், ஒரு நடிகருக்குச் சும்மாடு கட்டி உட்காரவைத்தார்கள். கேமராவில் பெஞ்சு விழுந்தது, டீ கிளாஸ் விழுந்தது, நடிகர் மட்டும் விழவில்லை. மூன்று நடிகர்களை மாற்றி இருபத்திரண்டு டேக் எடுத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், படத்தில்தான் இல்லை.

கலைமதி போன் செய்தாள். “அக்கா, உங்க ஆளு வர மாட்டேங்குறாரு. பெஞ்சு காலியாத்தான் இருக்கு. அப்படியே விட்டுட்டோம்க்கா, சாரி.”

மங்கைக்கு வந்த கோபத்தில் ஜெராக்ஸ் மெஷின் ரெண்டு நாள் கறுப்புத் தாளாகத் துப்பியது. ஆனாலும் படம் வர ஒரு மாதம் இருந்தது, பாறை தலையில் முட்ட வந்திருந்தது, அழுதுகொண்டிருக்க நேரமில்லை. மன்றத்துப் போஸ்டர் ஒட்ட பிரிட்டோவின் ஆட்டோவில் அவலூர்பேட்டைக்குப் போனாள். திரும்பும் வழியில் வண்டி நின்றுவிட்டது. பிரிட்டோ ஸ்பேனரோடு குனிந்து கிடக்க, மங்கை ரோட்டோரம் நின்றாள். எதிரே ஒரு பழைய சுமைதாங்கி. ரெண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுக்கவைத்தது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பாரம் இறங்கட்டும் என்று அந்தக் காலத்தில் நட்டு வைப்பார்கள். வயலிலிருந்து புல்லுக்கட்டோடு ஒரு அம்மாள் வந்தாள். கை கொடுக்க யாரையும் கூப்பிடவில்லை. நின்ற வாக்கிலேயே கட்டைக் கல்லின்மேல் தள்ளினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், தண்ணீர் குடித்தாள், கழுத்தை ரெண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கெடுத்தாள்.

மங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “அட கூறுகெட்ட ஜென்மமே! பிரிட்டோ, கைய எடுக்க முடியாதவனப் போயி டீ குடிக்க வாடான்னு கூப்டுனு இருந்தோமே. மெட்ராஸ்காரங்க கால்ல வுழுந்தோமே, எறக்கி வைக்க ஒரு எடம் நாம குடுத்தமா?”

பிரிட்டோ ஸ்பேனரைக் கீழே போட்டான். வண்டி தானாகக் கிளம்பியதாக அவன் சொல்வான், அது பொய். அரை மணி நேரம் தள்ளினார்கள்.

மறுநாளே சுமைதாங்கி வேலை தொடங்கியது. வீட்டுக்கு முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு, பன்னிரண்டு அடி கல்தூண். அதற்குமேல் நீளக் கல் ரெண்டு. கலியபெருமாள் கணக்குப் போட்டான், மேல்மலையனூர் அமாவாசைக்குக்கூடப் போகாமல் உளி பிடித்தான். தூணைத் தூக்கி நிறுத்த மூன்று பேரால் ஆகுமா? கயிற்றை இழுத்து இழுத்து மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தபோது எரிகழுகு மன்றத்துத் தலைவன் ராஜாங்கம் தெருவுக்குள் வந்தான். பின்னால் நானூறு பேர் வந்தார்கள். கேலி பேசத்தான் வந்தான் என்று நினைத்தார்கள். அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, “எங்காளு பறந்து பறந்து அடிச்சான், வாஸ்தவந்தான். அப்ப ஊர யாரு புடிச்சினு இருந்தது? கயித்தக் குடு” என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுடைய பழைய சிரிப்பையெல்லாம் மன்னித்துவிடலாம். நடுவில் கல்லில் யார் பெயரைப் பொறிப்பது என்ற கேள்வி வந்தது. மீனம்பாள் உள்ளேயிருந்து வந்தாள். எங்கக்கா அம்மாக்கண்ணு நிறைமாசத்துல போனா, அவளுக்கு யாரும் கல் நடல என்றாள். கலியபெருமாள் அந்தப் பெயரையே வெட்டினான்.

கல் தயாராகிவிட்டது. பாறை மட்டும் இறங்கவில்லை. ஒரு நாள் பார்த்தார்கள், ரெண்டு நாள் பார்த்தார்கள். பாறைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அதில் காற்று போய் வந்தது. மூன்றாம் நாள் காலை மங்கை மாடியேறினாள். குனிந்துதான் நிற்க முடிந்தது. தாங்குகிறவனிடம் யாராவது வாய்விட்டுச் சொன்னால்தானே இறக்குவான் என்று அவளுக்குத் தோன்றியது. இறக்குவதில் அவனுக்கு எவ்வளவு பயம் இருக்கும் என்று நினைத்துப் பாறையில் கை வைத்தாள்.

“எறக்கி வைங்க. கீழ கல்லு இருக்குது. நாங்க இத்தினி பேரு இருக்கோம். பயப்படாம எறக்கி வைங்க.”

பாறை இறங்கி உட்கார்ந்தது. அரிசி மூட்டையைக் கீழே வைத்த சத்தம்தான் கேட்டது. தெரு முழுக்க ஒரு பெருமூச்சு சுற்றி வந்து, கோலப்பொடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து மாடியில் சொட்டு விழவில்லை.

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்த அதே வருஷம்தான் எரிகழுகு படமும் வந்தது. செஞ்சி தியேட்டரில் முதல் காட்சிக்கு ரெண்டு மன்றமும் கலந்து உட்கார்ந்தது. இடைவேளைக்குப் பிறகு பதினெட்டாவது நிமிஷத்தில் அந்த டீக்கடை வந்தது. பெஞ்சு காலியாக இல்லை. காக்கி அரை டிராயரோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். சும்மாட்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தான். முகம் பளிச்சென்று தெரிந்தது. விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பார்க்கிற முகம், தாடையில் ஒரு மரு. கிளாஸை ரெண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தான். ஒன்பது செகண்டுதான். விசில் பறந்தது, பேப்பர் பறந்தது, ராஜாங்கம் சீட்டின்மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினான். மங்கை தேம்பித் தேம்பி அழுதாள். அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். திருவண்ணாமலையில் பார்த்தவர்கள் பெஞ்சு காலி என்று சொன்னார்கள். அவர்கள் என்ன கல்லா நட்டார்கள்?

படம் இருபத்தேழு நாள் ஓடியது. மங்கை பாறையையே கூரையாக வைத்து மாடியில் குனிந்து நுழைகிற ஒரு அறை எடுத்தாள். கோடையில் ஃபேன் தேவைப்படுவதில்லை. இருபத்தெட்டாம் நாள் காலை அவள் லாயத் தெரு முனை டீக்கடைக்குப் போனபோது, பெஞ்சில் தாடையில் மருவோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அவரிடம் காசு கேட்கவில்லை, மற்றவர்கள் ஊர் பேர் கேட்கவில்லை. ஒருத்தர் பேப்பரில் நடுத்தாளை உருவி அவரிடம் கொடுத்தார். மங்கை கொஞ்சம் இடம் விட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். சொல்வதற்கு முப்பத்தெட்டு வருஷத்துப் பேச்சு இருந்தது.

“நல்லா தூங்கினீங்களா?” என்று கேட்டாள்.

“தூங்கினேம்மா” என்றார்.