கேட்பதற்கு முன்னே

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலயத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் பதினைந்து பிள்ளைகள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்பவள் வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எட்டு வருஷமாக எடுக்கிற வகுப்பு. பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அன்றைக்கு மேசியாவைப் பற்றிய முதல் வாக்குறுதி. ஆதாமும் ஏவாளும் கனியைத் தின்றதையும் மரங்களுக்கு நடுவே ஒளிந்ததையும் சொல்லிவிட்டு, "பாம்போட தலையை நசுக்க ஒருத்தர் வருவார்னு கடவுள் அன்னைக்கே வாக்குக் கொடுத்துட்டார். அவர்தான் மேசியா" என்றாள்.

முன் பெஞ்சில் ஒரு கை எழுந்தது. ஏழு வயசுக்காரி. எதைச் சொன்னாலும் குறுக்கே கேட்பதால் வகுப்பே அவளைக் 'கேள்விக்குறி' என்றுதான் கூப்பிடும்.

"டீச்சர், அவங்க ஸாரி சொன்னப்புறமா கொடுத்தார்?"

"ஆமா, பின்னே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இரு, பாத்துச் சொல்றேன்."

வேதத்தைத் திறந்து விரலை வரிவரியாக நகர்த்தினாள். ஆதாம் மனைவியைக் கை காட்டுகிறான். ஏவாள் பாம்பைக் கை காட்டுகிறாள். உடனே வாக்குறுதி வந்துவிடுகிறது. அவர்களுக்குத் தண்டனை சொல்வதற்கும் முந்தி! மறுபடி மேலே போய்ப் படித்தாள். மன்னிப்புக் கேட்டதாக ஒரு சொல்கூட இல்லை.

"சொல்லலை" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "ரெண்டு பேருமே ஸாரி சொல்லலை."

"அப்புறம் எதுக்குக் கொடுத்தார்?"

"அதுக்குப் பேர்தான் கிருபை."

எத்தனையோ தடவை பலகையில் எழுதிய சொல். இன்றைக்கு அதைச் சொன்னபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கடைசி பெஞ்ச் வாண்டு ஒருவன், "பாம்பாவது சொல்லிச்சா டீச்சர்?" என்று கேட்டான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவளால்தான் சிரிக்க முடியவில்லை.

தங்கை நினைவு வந்திருந்தது. அம்மா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்த பதினோரு மாதமும் எட்டிப் பார்க்காதவள். இத்தனைக்கும் பஸ்ஸில் இருபது நிமிஷம்தான். 'அவளா வந்து மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்' என்று மூன்று வருஷமாக இவளும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அழைப்பு மணியை அழுத்தினாள்.

தங்கைதான் திறந்தாள். பாத்திரம் தேய்த்த கையில் சோப்பு நுரை. அக்காவைக் கண்டதும் முகம் வெளிறியது.

"அக்கா... நான் இன்னும் உங்கிட்ட மன்னிப்பே கேக்கலையே."

"தெரியும்டி. கேக்குறதுக்கு முன்னாடி வந்துடணும்னுதான் வந்தேன்."

"அம்மாவை அந்தக் கோலத்துல பாக்கப் பயந்துட்டேங்க்கா" என்று சொல்லும்போதே தங்கை உடைந்துபோனாள். நுரைக் கையோடு அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டாள். இவளும் அழுதாள். மன்னிப்புக் கொடுக்க வந்தவளுக்குத் தானே வாங்கிக்கொண்டதுபோல் நெஞ்சு நிறைந்திருந்தது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு குழந்தை தத்தித் தத்தி வந்தது. இரண்டு வயசிருக்கும். தங்கைக்குக் குழந்தை பிறந்தது காதில் விழுந்ததுண்டு; முகம் பார்ப்பது இப்போதுதான்.

"பெரியம்மாடா செல்லம்" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்தபடி.

குழந்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்தியது.