வண்டி போகாத சோதனை

நாற்பத்தாறு வயதாகியும் அண்ணன் வாயில் அவள் பொடிசுதான். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள், அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள் வெளியே போகாது. அதெல்லாம் அண்ணனிடம் செல்லுபடியாகாது. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தூங்கி வழிந்த பொடிசைத்தான் அவனுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தன் காரைப் பளபளவென்று கழுவி, அண்ணியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வந்து அவள் வீட்டு வாசலில் நிறுத்தினான். அவன் புது வண்டி எடுக்கப் போகிறான், பழையதைத் தங்கை விலைக்கு வாங்கிக்கொள்கிறாள் என்று பேச்சு. அவள் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வீடு இருப்பது மேட்டில். ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே இறக்கம். கண்டவன் வண்டியில் அவரை ஏற்றி அலைக்கழிக்க மனமில்லாமல்தான் இந்த வயதில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்ததும் அண்ணன் சாவியை நீட்டினான். "இந்தா பொடிசு. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

அவள் கை நீட்டவில்லை. "இருண்ணே. ஒண்ணு கேக்கணும்."

போன வாரம் அவள் வண்டி நம்பரைக் கேட்டு வாங்கியபோது இன்சூரன்ஸுக்காக இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். அவளோ அந்த நம்பரைப் போக்குவரத்துத் துறையின் இணையப் பக்கத்தில் போட்டு, வருடாந்தரச் சோதனை அறிக்கைகளை அச்செடுத்து வைத்திருந்தாள்.

"மூணு வருஷமா உன் வண்டி ஒரு குறையும் இல்லாம பாஸ் ஆயிருக்கு," என்றாள்.

"பின்ன, யாரு வண்டி?"

"முன்பக்க இடது டயர்ல பள்ளத்தோட ஆழம் நாலு புள்ளி மூணு மில்லிமீட்டர். அடுத்த வருஷமும் நாலு புள்ளி மூணு. அதுக்கடுத்த வருஷமும் அதேதான். நாலு சக்கரத்துக்கும் இதே கதை. பிரேக் பிடிக்கிற அளவுல புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ணுகூட மாறல."

"நான் பதமா ஓட்டறேன். தேயாது."

அவளுக்குக் கோபம் வந்தது. இருபத்து மூன்று வருடமாக எண்களோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். ஒரே ஆளின் ரத்தத்தைக் காலையில் எடுத்தால் ஒரு அளவு, மத்தியானம் எடுத்தால் வேறு அளவு. மூன்று நாளும் ஒரே அளவு வந்தால் நோயாளி தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை. எவனோ சோம்பேறி ரத்தத்தைத் தொடாமல் நேற்றைய தாளைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். அப்படி எழுதிய ஒருவனை, மேலதிகாரியின் மருமகன் என்று தெரிந்தும், அவள் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறாள்.

"இது அளந்து எழுதினது இல்லண்ணே. பாத்து எழுதினது."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமாடி? மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி என் வண்டியப் பாக்கறியே."

"தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பாக்கக் கூடாது. இது விலைக்கு வாங்கற மாடு."

அண்ணி களுக்கென்று சிரித்துவிட்டாள். அண்ணனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"விடும்மா," என்றார் கணவர் மெதுவாக. "அவர் போய் நமக்குக் கெடுதல் பண்ணுவாரா?"

"நல்லாச் சொல்லுங்க மாப்ள." அண்ணன் குரல் ஏறியது. "போன வருஷம் உங்களுக்கு மூச்சு முட்டினப்போ எந்த வண்டி வந்துச்சு? விடியக்காலம் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனேன். அன்னிக்கு ராத்திரி வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரல, நானும் நகரல, வண்டியும் நகரல. அப்ப டயர் ஆழம் கேட்டாளா இவ?"

அவள் கண் கலங்கிவிட்டது. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அன்றைக்கு அண்ணன் வராவிட்டால் இன்றைக்கு அவர் அந்த நாற்காலியில் இல்லை. அந்த நன்றிக்காகத்தான் இவ்வளவு நேரம் கடைசித் தாளை வெளியே எடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். இப்போது எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"தேதியப் பாருண்ணே."

அவன் பார்த்தான். கணவரும் எட்டிப் பார்த்தார். தான் பிழைத்த தேதி யாருக்கு மறக்கும்?

"காலையில பதினொன்றரை மணிக்கு உன் வண்டி டெஸ்ட்ல பாஸ் ஆயிருக்கு. பதினொன்றரைக்கு அது ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. நீயே இப்ப சொன்ன."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவன், இலையில் கொஞ்சம் கூடுதலாகவாவது சோறு போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"ஊர்ல எல்லாரும் செய்யறதுதான்," என்றான் அண்ணன். "ஏஜெண்டுக்கு ஒரு போன் போட்டா சர்டிபிகேட் வீட்டுக்கே வந்துரும். நல்லா ஓடற வண்டிய எதுக்கு அங்க கொண்டு போய் வரிசையில நிறுத்தணும்?"

"மூணு வருஷமாவா?" இதைக் கேட்டது அண்ணி. "பாப்பாவ தினமும் அதுலதானே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க."

"நீ வேற ஆரம்பிக்காத."

அண்ணி ஆரம்பிக்கவில்லை. எழுந்து போய் மகளுக்குச் செருப்பை மாட்டிவிட்டாள். "நாங்க பஸ்ல வர்றோம்," என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

"நாளைக்கு நிஜமாவே டெஸ்டுக்குக் கொண்டு போண்ணே," என்றாள் தங்கை. "குறை இருந்தா சரி பண்ணு. பாஸ் ஆச்சுன்னா பேசின விலைக்கு நானே எடுத்துக்கறேன்."

"உனக்கு நான் சர்டிபிகேட் காட்டணுமா? இனி இந்த வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு." சாவியை அள்ளிக்கொண்டு அவன் வெளியே போனான். கார்க் கதவை அவன் அறைந்த அறையில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றிருந்தது. இஞ்சின் உறுமியது. அவள் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய், பத்தடி கீழே நடுத்தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "நகரு பொடிசு."

"மாட்டேன். நீயும் இதுல போகக் கூடாது."

"வண்டி இறக்கத்துல நிக்குது. விளையாடாத."

"மூணு வருஷமா பாஸ் ஆன பிரேக்தானே? வா. வந்து எனக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்து. நிறுத்திட்டா இப்பவே சாவிய வாங்கிக்கறேன்."

தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த அண்ணி மகளின் முகத்தைத் தன் புடவையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

இஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் சத்தம் கேட்டது, ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. அண்ணன் இறங்கினான். அவள் முகத்தைப் பார்க்காமல் சாக்கடை ஓரமாகப் போய், ஒரு பெரிய கல்லாகத் தேடி எடுத்து வந்து, குனிந்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான்.