பிளக்கைப் பிடுங்கியும் நிற்காத உறுமல்

1

பிளக்கைப் பிடுங்கியாயிற்று. ஆனாலும் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக், வேலை முடிந்து கை கழுவும்போது சொன்ன ஒற்றை வரி இது. மீதியைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன், கிடைக்காததை இட்டுக்கட்டினேன். அந்த வரிக்காக அவருக்கு நான் நிரம்பக் கடமைப்பட்டவன்.

முதலில் வேறு மாதிரி தொடங்கினேன்: ‘அந்த ராட்வீலர் நாயின் கண்களில் கொலைவெறி…’ அடித்துவிட்டேன். மெக்கானிக் அதன் கண்களைப் பார்த்ததே இல்லையே. லிஃப்டிலிருந்து கன்றுக்குட்டி அளவில் கறுப்பாக ஏதோ இறங்குவதைத்தான் பார்த்திருந்தார், அதுவும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

2

மெக்கானிக் குடியிருக்கும் அடுக்குமாடியில் அவர் வீடு தரைத்தளம். நாய், மூன்றாம் மாடித் தையல்காரம்மாவுடையது, பெயர் பட்டு. ‘இந்த வகை நாய் ஆளைக் கொல்லும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியேற்ற வேண்டும்’ என்று கட்டடத்தில் ஒரு மனு சுற்றியது. பன்னிரண்டு கையெழுத்து. மூன்றாவது நம்மாளுடையது. மறுநாளே தையல்காரம்மாவின் ஃபிரிட்ஜ் மக்கர் செய்தது; நம்மாளுக்குத்தான் போன் போட்டார்.

“நாயை ரூம்ல விட்டுச் சாத்துனாத்தான் வருவேன்க்கா.”

“சாத்தியாச்சு, வாங்க தம்பி. மூணாவது கையெழுத்து உங்களோடதுதானே? நல்லா குண்டு குண்டா, அழகா இருந்துச்சு.”

(அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று மெக்கானிக்கைக் கேட்டேன். “கருவியை எடுத்துட்டு மேல போயிட்டேன்” என்றார்.)

3

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு இது பிடித்த இடம். ஃபிரிட்ஜின் பின்புறம், அடியில், கம்ப்ரசர் இருக்கும். நீளமான திருப்புளியின் முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தினால் உள்ளே நடப்பது கேட்கும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்ப்பது போலத்தான். சீரான முனகல் என்றால் நலம். கரகரத்த உறுமல் என்றால் உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது.

அவருக்குக் கேட்டது கரகரத்த உறுமல். பிளக்கைப் பிடுங்கினார். நிற்கவில்லை. சுவரில் சுவிட்சை அணைத்தார். அப்போதும் நிற்கவில்லை. இருபது வருட அனுபவம் விழி பிதுங்கியது.

“அக்கா, கரண்டே இல்லாம ஓடுது!”

தையல் இயந்திரம் நின்றது. சமையலறை வாசலில் வந்து நின்ற தையல்காரம்மா சிரித்தார். “அந்தப் பக்கம் எட்டிப் பாருங்க.”

ஃபிரிட்ஜின் பக்கவாட்டுத் தகட்டில் முதுகைச் சாய்த்துப் பட்டு படுத்திருந்தது. அதன் உறுமல் தகடு வழியாக, திருப்புளி வழியாக, அவர் காதுக்குள்.

“சாத்துனேன்னு சொன்னீங்களே!”

“சாத்துனேன். பட்டு கைப்பிடியை அழுத்தித் திறக்கக் கத்துக்கிட்டா. மனுவுல அது ஒண்ணுதான் விட்டுப்போச்சு.”

“உறுமுதேக்கா…”

“சந்தோஷத்துல உறுமுறா. சத்தத்தை விடுங்க தம்பி, உடம்பைப் பாருங்க. விறைச்சு நின்னு முறைச்சா ஒதுங்கணும். இவ கண்ணு பாதி மூடியிருக்கு, காலு தொளதொளன்னு கெடக்கு.”

சத்தத்தை வைத்தே இருபது வருடம் பிழைத்தவரிடம் சத்தத்தை விடச் சொன்னால்? இருந்தும் பார்த்தார். கம்ப்ரசரின் சூட்டைச் சோதிப்பது போலப் புறங்கையைப் பட்டுவின் விலாவில் வைத்தார். உறுமல் கூடியது. கையை எடுக்கவில்லை.

4

‘குடியிருப்போர் கூட்டத்தில் அவர் மனுவைக் கிழித்தெறிய, எல்லோரும் கைதட்…’ நான் முதலில் எழுதிய இந்த முடிவை அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

“யாருங்க கைதட்டுனா? இப்பவும் அவகூட லிஃப்ட்ல நின்னா எனக்கே உள்ளங்கை வேர்க்குது.”

அவர் தன் கையெழுத்தை மட்டும் அடித்தார். பதினொன்று மிச்சம். அதில் ஒன்று முதல் மாடிக் கைக்குழந்தைக்காரியுடையது. அவளுடைய பயம் பொய்யில்லை. ஆகவே அவர் வாதாடவில்லை. ஞாயிறு காலை ஏணியும் ஒயருமாக வேலையில் இறங்கிவிட்டார். தையல்காரம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்று அவர் வாயெடுத்தபோது, “முதல்ல ஏணியைக் கெட்டியா புடிங்கக்கா” என்றாராம்.

பட்டு அங்கேயேதான் இருக்கிறது. பதினொரு பேரில் யார் மனம் மாறினார்கள் என்பதை உங்களிடம் விடுகிறேன். எனக்குத் தெரிந்தது இதுதான்: தையல்காரம்மா பட்டுவோடு கிளம்பும்போது போட மூன்றாம் மாடிக் கதவருகே ஒரு சுவிட்ச், ஒவ்வொரு தளத்திலும் லிஃப்டுக்கு மேல் ஒரு பச்சை விளக்கு. விளக்கு எரிந்தால் பட்டு லிஃப்டில் வருகிறது. பயம் இருப்பவர்கள் இரண்டு நிமிடம் தள்ளி நிற்கலாம்.